படுவான்கரை வயல்வெளிக்கு முப்பரிமாண மாதிரி: கியூஜிஐஎஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மாரியில் மட்டக்களப்பு வாவி பெருகும்போது அதன் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் எந்தப் பக்கம் முதலில் தண்ணீர் ஏறும் என்று விவசாயிகளுக்குக் காட்ட, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒரு முப்பரிமாண மாதிரி செய்து வருகிறேன்.

விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இங்கே சரிவரவில்லை. அதில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கிறது. தட்டையான நம் வயல் படிக்கட்டு மாதிரித் தெரிகிறது. ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டமான கோப்பர்னிக்கஸின் 30 மீட்டர் உயரத் தரவில் தசமம் உண்டு, ஆனால் அது மரத்தலையையும் கூரையையும் சேர்த்தே அளக்கிறது. தென்னந்தோப்பெல்லாம் மேடாக நிற்கிறது!

அதனால் நில உயரம் அளக்கும் லெவல் கருவியால் எடுத்த புள்ளிகளைக் கொண்டு, அவற்றை முக்கோணங்களாக இணைக்கும் டின் முறையில் பரப்பை உருவாக்கினேன். ஆள்கூற்று முறை யூடிஎம் 44 வடக்கு (இலங்கை அடங்கும் வலயம்). புள்ளிகள் நெருக்கமான இடத்தில் நன்றாக வருகிறது. ஆனால் முக்கோணங்கள் குளக்கட்டையும் வாய்க்காலையும் குறுக்கே வெட்டிப் போகின்றன. கட்டு தொடர்ச்சியாக இல்லாவிட்டால் வெள்ளம் போகும் வழியே பிழையாகிவிடும்.

கட்டுகளை முறிகோடாக (முக்கோணங்கள் குறுக்கே வெட்டக்கூடாத கோடாக) கொடுத்துச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தை எப்படி ஏற்றினீர்கள்? அப்புறம், கோப்பர்னிக்கஸின் உயரம் ஈஜிஎம் 2008 என்ற உலகளாவிய கடல்மட்ட மாதிரியின் அடிப்படையிலானது, என் புள்ளிகள் உள்ளூர்க் கடல்மட்டத்தை வைத்தவை. இரண்டையும் பொருத்த நல்ல வழி என்ன?

பெரும்போக விதைப்புக்கு முன் வரைபடத்தை விவசாயிகளிடம் கொடுக்க விரும்புகிறேன். அம்பாறைப் பக்கம் யாராவது இப்படிச் செய்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.