தீவாதலா, தனியோட்டமா?

ஐயா, வணக்கம்.

மின்தொகுப்பு (ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் கம்பி வலையமைப்பு) துண்டிக்கப்பட்ட பின்னும் சூரிய மின் இன்வெர்ட்டர் தன் பகுதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலைக்கு, ஆங்கிலத்தில் ‘islanding’ என்பதற்கு, உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘தீவாதல்’ என்ற சொல்லை முன்வைத்திருக்கிறீர்கள். சுற்றிலும் இருள், நடுவில் ஒரு துண்டு மட்டும் வெளிச்சம் என்னும் படம் அழகானதுதான். ஆனால் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் தீவு என்பது குடியிருக்கும் ஊர். இங்கே ஒரு லைன்மேனிடம் ‘தீவாதல் தடுப்பு’ என்றால், கடலரிப்புக்குக் கல் கொட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே நினைப்பார்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. புயற்காற்றில் கம்பி அறுவதும் பிரேக்கர் திறப்பதும் மின்தொகுப்பின் பக்கம் நிகழ்பவை. இன்வெர்ட்டரிடம் நாம் கேட்பது, அதை உணர்ந்து தன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது மட்டுமே. அது நிற்காவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவரின் உயிருக்கு ஆபத்து. ‘தீவாதல்’ பிரிவைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்லவில்லை. ஆகவே ‘தனியோட்டம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். (முதலில் எழுதிப் பார்த்த ‘தனித்தோட்டம்’, தென்னந்தோப்பைத்தான் நினைவூட்டியது.)

இன்வெர்ட்டர் இப்படி நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மென்பொருள் எழுதும்போதுதான் இச்சொல்லின் பயன் எனக்குத் தெளிந்தது. இச்சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 62116-இலும், அதையொட்டிய இந்தியத் தரநிலை ஐஎஸ் 16169-இலும், மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவை சேர்ந்த சுமையை இன்வெர்ட்டர் தரும் திறனுக்கு ஈடாக, 50 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும்படி அமைத்து, பிறகு மின்தொகுப்பின் சுவிட்சைத் திறக்கிறார்கள். சுமையும் உற்பத்தியும் ஈடாக இருப்பதால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் அதிகம் நகர்வதில்லை. இன்வெர்ட்டர் எளிதில் ஏமாறும் தருணம் அதுவே. அந்நிலையிலும் அது 2 நொடிக்குள் நின்றாக வேண்டும். நிற்பதற்கு மிக நீண்ட நேரம் எடுப்பது சரியான சமநிலையில்தான் என்பதில்லை. அதனால் சமநிலையிலிருந்து சற்றே விலகிய புள்ளிகளிலும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கையால் செய்தால் நாள் போய்விடும். மென்பொருளோ சுமையை மாற்றி, சுவிட்சைத் திறந்து, மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஆசிலாஸ்கோப்பின் அலைவடிவத்தை வாங்கி, சுவிட்ச் திறந்ததிலிருந்து இன்வெர்ட்டரின் மின்னோட்டம் அடங்கும் வரையுள்ள நேரத்தைக் கணக்கிட்டு வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துவிடுகிறது.

அந்த வரைபடத்தின் நிலைக்குத்து அச்சுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘தனியோட்ட நேரம்’ என்றால் அளக்கப்படுவது எதுவோ அதுவே பெயராகிவிடுகிறது. ‘தீவாதல் நேரம்’ என்றால் தீவாக ஆவதற்கு எடுத்த நேரம் என்ற பொருள் அல்லவா வரும்? 2 நொடிக் கோட்டைத் தாண்டிய புள்ளியைக் காட்டி ‘தனியோட்டம் மிகை’ என்று அறிக்கையில் எழுதவும் முடிகிறது. உங்கள் சொல்லுக்கு ஒரு வசதி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: வரைபடம் வரைய நான் பயன்படுத்தும் மென்பொருள் நூலகம் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காததால் ‘யோ’வின் கொம்பு இடம்மாறி நிற்கிறது, ‘தீவாதல்’ பிசகில்லாமல் அச்சாகிறது.

‘ஓட்டம்’ என்றால் மின்னோட்டத்தோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். மோட்டார் ஓடுகிறது, இன்வெர்ட்டர் ஓடுகிறது என்று நாள்தோறும் சொல்கிறோமே. அந்த ஓட்டம்தான் இது. மின்கலத்துடன் கூடிய குறுமின்தொகுப்பு (ஒரு சிறு பகுதிக்கான மின்வலையமைப்பு) திட்டமிட்டே பிரிந்து இயங்கும் இடத்தில் உங்கள் ‘தீவாதல்’ இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும் ‘தனியோட்டத் தடுப்பு’ என்று பட்டியலில் சேர்க்க உங்கள் இசைவைக் கேட்கிறேன்.