சர்க்கரைவள்ளி உருண்டை உப்பாமல் கல்லாகிறது, ஏன்?

கேள்வி: தைவான் இரவுச் சந்தைகளில் விற்கும் உள்ளே வெற்றிடமான சர்க்கரைவள்ளி உருண்டை செய்கிறேன். 200 கிராம் மசித்த கிழங்கு, 80 கிராம் சோளமாவு, 30 கிராம் சர்க்கரை. எண்ணெயில் போட்டால் உப்பவே இல்லை. சில வெடிக்கின்றன.

பதில் 1: சோளமாவுதான் வில்லன். அதில் இழுவை வராது. அதே 80 கிராமுக்கு மரவள்ளி ஸ்டார்ச் போடுங்கள். கிழங்கை ஆவியில் வேகவைத்து, சூட்டோடு மசித்து, சர்க்கரையையும் மாவையும் அப்போதே பிசையுங்கள். மாவு உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒட்டினால் இன்னும் கொஞ்சம் ஸ்டார்ச். 2 செ.மீ. உருண்டை போதும், விரிசல் இருக்கக் கூடாது.

பதில் 2: மாவு மட்டுமல்ல, சூடும் காரணம். எண்ணெய் 140 டிகிரிக்குள் இருக்கட்டும். அதிகமானால் மேல்தோல் முன்பே இறுகி, உள்ளே நீராவி சேர்ந்து வெடிக்கும். மிதந்ததும் கரண்டியால் மெல்ல அழுத்தி விடுங்கள். அமுங்கி மறுபடி உப்பும். இதை நாலைந்து முறை செய்தால்தான் வெற்றிடம் வரும். கடைசி ஒரு நிமிடம் 170 டிகிரி. சீக்கிரம் எடுத்தால் சுருங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: மீதி மாவை என்ன செய்ய?

பதில் 1: உருட்டி, ஸ்டார்ச் தூவி ஃப்ரீசரில் வையுங்கள். உருக விடாமல் நேரே எண்ணெயில், இன்னும் குறைந்த தீயில். பொரித்ததை எடுத்து வைக்காதீர்கள், அரை மணியில் ரப்பர்தான்.