பொதுவில் பயன்படுத்தும் ஷீட்டில் பழைய வரிசைகளை மறைப்பதா, அழிப்பதா?

ஜார்ஜ்டவுன்_பந்தல்
வணக்கம். பினாங்கு தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கான நன்கொடைப் பட்டியல் கூகள் ஷீட்ஸில் இருக்கிறது. மூன்று வருடத்துப் பதிவுகள், சுமார் 1,400 வரிசைகள். ஒன்பது பேர் திருத்துகிறோம். எனக்கு ‘பாக்கி’ என்று உள்ளவை மட்டும் போதும். ஆனால் நான் மறைத்தால் மற்றவர்களுக்கும் மறைந்துவிடுகிறது. அரிசி, சீராப் வாங்கும் குழுவினர் பெயர்களைக் காணோம் என்கிறார்கள். இந்த வருடத்துக்குத் தேவையில்லாததை அழித்துவிடலாமா?

ஆயர்_ஈத்தாம்_கணக்கு
அழிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஃபில்டர் வியூ.

வலது கிளிக் செய்து மறைப்பதும் (கண்ட்ரோல்+ஆல்ட்+9), டேட்டா மெனுவில் உள்ள சாதாரண ஃபில்டரும் ஷீட்டையே மாற்றுபவை. அதனால் எல்லோருடைய திரையிலும் தெரியும். ஃபில்டர் வியூ அப்படியல்ல, பார்ப்பவரின் திரையில் மட்டும் வேலை செய்யும்.

கணினியில் தலைப்பு வரிசையையும் சேர்த்துப் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். டேட்டா > கிரியேட் ஃபில்டர் வியூ. ‘நிலை’ தலைப்பில் உள்ள சின்னத்தைத் தட்டி ‘பாக்கி’யை மட்டும் விட்டு மற்ற டிக்குகளை எடுங்கள். பிறகு வலது மேல் மூலையில் சேவ் வியூ. பெயரை ‘வாங்கும் குழு – பாக்கி’ என்பது போல வையுங்கள். ஒன்பது பேரும் ஆளுக்கொன்று செய்தால், பெயரில்லாத வியூ எது யாருடையது என்று தேடவே நேரம் போய்விடும். அடுத்த முறை டேட்டா > சேஞ்ச் வியூ போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: வியூவுக்குள் தனிப்பட்டது ஃபில்டரும் அடுக்கும் வரிசைமுறையும்தான். கட்டத்தில் தொகையை மாற்றினாலோ, ஒரு வரிசையை அழித்தாலோ அது எல்லோருக்கும் மாறும்.

ஜார்ஜ்டவுன்_பந்தல்
மிக்க நன்றி அண்ணா. இப்போதே ஏதோ வரிசைகள் காணாமல் இருக்கின்றன. யாராவது அழித்தார்களா, மறைத்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆயர்_ஈத்தாம்_கணக்கு
இடது பக்க எண்களைப் பாருங்கள். 41-க்கு அடுத்து 58 என்று தாவினால் வரிசைகள் ஷீட்டிலேயே இருக்கின்றன. தாவும் இடத்தில் சிறிய அம்புக்குறிகள் இருந்தால் கையால் மறைத்தது. அம்பைத் தட்டினால் விரியும். தலைப்பில் புனல் சின்னம் தெரிந்தால் யாரோ ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். எண்கள் தொடர்ச்சியாகவே இருந்து பெயர் மட்டும் இல்லையென்றால் அழித்திருக்க வேண்டும். கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+எச் அழுத்தி வெர்ஷன் ஹிஸ்டரியில் தேடுங்கள். ஆனால் அவசரப்பட்டு ரீஸ்டோர் கொடுக்க வேண்டாம்! அந்தப் பழைய பதிப்புக்குப்பின் மற்ற எட்டு பேரும் போட்ட பதிவுகளும் சேர்ந்து பின்னால் போய்விடும். பழைய பதிப்பை மேக் எ காப்பி கொடுத்துத் தனிக் கோப்பாக எடுத்து, காணாத வரிசைகளை மட்டும் கொண்டுவந்து ஒட்டுவதுதான் பாதுகாப்பு.

பட்டர்வொர்த்_அக்கா
தம்பி, பழைய வருடங்களை வேறு டேப்புக்கு மாற்றிவிடுங்கள். முதலில் ஃபைல் > வெர்ஷன் ஹிஸ்டரியில் இப்போதைய நிலைக்கு ஒரு பெயர் கொடுங்கள். எல்லா ஃபில்டரையும் எடுத்துவிட்டு, வியூ > ஃப்ரீஸ் > 1 ரோ. பிறகு ‘ஆண்டு’ நெடுவரிசையின் தலையில் வலது கிளிக் செய்து சார்ட் ஷீட் (வரிசைப்படுத்தும் கட்டளை). ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் ரேஞ்ச் கொடுத்தால் பெயர் ஓரிடத்திலும் தொகை வேறிடத்திலும் போய்விடும். நன்கொடைப் பட்டியலில் இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

இப்போது பழைய ஆண்டுகள் ஒரே தொகுதியாக நிற்கும். புது டேப்பில் நகலெடுத்து ஒட்டி, இரண்டிலும் வரிசை எண்ணிக்கையும் மொத்த வெள்ளியும் (ரிங்கிட்) ஒத்துவருகிறதா பார்த்த பிறகே அழியுங்கள். அழித்த கட்டத்தை எந்தச் சூத்திரமாவது நேரடியாகச் சுட்டியிருந்தால் அங்கே ரெஃப் பிழை வரும்.

கீழே வெற்று வரிசைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தால் அவற்றையும் எடுத்துவிடலாம், குறிப்பாக யாராவது சூத்திரத்தைக் கடைசிவரை இழுத்து வைத்திருந்தால். ஷீட் மெதுவாகத் திறப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செந்தூல்_ஷீட்ஸ்
கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். மொத்தத் தொகைக்கு என்ன சூத்திரம் வைத்திருக்கிறீர்கள்? சம் என்றால் மறைத்த வரிசையும் சேரும். சப்டோட்டல் 9 ஃபில்டரில் மறைந்ததை விட்டுவிடும், கையால் மறைத்ததைச் சேர்க்கும். 109 இரண்டையுமே விட்டுவிடும். ஒரே பட்டியலுக்கு மூன்று விதமான தொகை வருவது இப்படித்தான். பலர் கைவைக்கும் ஷீட்டில் சம்இஃப்ஸ் போட்டு ஆண்டையும் நிலையையும் அதிலேயே சொல்லிவிடுங்கள் (நிபந்தனை இரண்டு என்பதால் சம்இஃப் போதாது). யார் எதை மறைத்தாலும் தொகை அசையாது.

இன்னொன்று, நன்கொடையாளர் கைப்பேசி எண், ஐசி (அடையாள அட்டை) எண் இருந்தால் மறைப்பதை நம்பாதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட மேக் எ காப்பி கொடுத்து, தன் நகலில் விரித்துப் பார்த்துவிடலாம். வாங்கும் குழுவுக்குத் தனிக் கோப்பு வையுங்கள். தேவையான நெடுவரிசைகளை மட்டும் இம்போர்ட்ரேஞ்ச் (வேறு கோப்பிலிருந்து தரவை இழுக்கும் சூத்திரம்) மூலம் இழுங்கள். முதல்முறை அலோ அக்சஸ் கேட்கும். அந்தக் கோப்பில் அவர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். திருத்தும் அனுமதி இருந்தால் சூத்திரத்தை மாற்றி மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் இழுத்துவிடலாம்.

ஜார்ஜ்டவுன்_பந்தல்
ஐசி எண் இருக்கிறது. இன்றிரவே அதைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிடுகிறேன். ஃபில்டர் வியூ இரண்டு போட்டாயிற்று, வேலை செய்கிறது.