ஸ்டேஜ் 1 ட்யூன் போட 1.5 டிஎஸ்ஐ: மேனுவல் எடுப்பதா, டிஎஸ்ஜி எடுப்பதா?

குடந்தை_டர்போ:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) கார் எடுக்கப் போகிறேன். 2022 மாடலில் இரண்டு வண்டி கிடைத்திருக்கிறது. ஒன்று 6 கியர் மேனுவல், இன்னொன்று 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). எடுத்ததும் ஸ்டேஜ் 1 இசியு மேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றிப் பவரைக் கூட்டுவது) போடுவதாக எண்ணம். வேறு பார்ட்ஸ் எதுவும் மாற்றப் போவதில்லை. தினமும் கும்பகோணத்திலிருந்து பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போய் வர வேண்டும். எப்போதாவது திருச்சி நாலுவழிச் சாலை, வருடத்துக்கு ஓரிரு முறை கோவை கரி டிராக். எந்த கியர்பாக்ஸ் தாங்கும்? விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

உலர்கிளட்ச்:
தம்பி, குதிரைத்திறனை விட்டுவிட்டு டார்க்கை (சுழற்றும் விசையை) பாருங்கள். கியர்பாக்ஸை உடைப்பது அதுதான். ஸ்லாவியா 1.5-இல் இருப்பது டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. அது தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இன்ஜின் ஷோரூமிலிருந்து வரும்போதே 250 தருகிறது. அதாவது மேப் போடும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஸ்டேஜ் 1-இல் 300-ஐத் தாண்டித் தருகிறோம் என்று சொல்லும் ட்யூனர்கள் உண்டு. அதனால் மறுநாளே உடையும் என்று அர்த்தமில்லை. கிளட்ச் தட்டு தேயும் வேகமும், மெக்கட்ரானிக் யூனிட் (கியரையும் கிளட்சையும் இயக்கும் பகுதி) மேல் விழும் பாரமும் கூடும்.

அதைவிடப் பெரிய எதிரி சூடு. இந்தக் கிளட்சுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. உரசலில் வரும் சூடு இரும்பிலும் காற்றிலும்தான் இறங்க வேண்டும். முகூர்த்த நாளில் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்ந்து போகும்போது முதல் கியர் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிக்கொண்டிருக்கும். 1, 3, 5, 7 கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6, ரிவர்ஸுக்கு இன்னொன்று. ஊர்ந்து போகும் வேலை முழுவதும் முதல் கிளட்ச் தலையில் விழுவதால் பெரும்பாலும் அதுதான் முதலில் அதிரத் தொடங்கும்.

டிஎஸ்ஜிதான் வேண்டுமென்றால் மூன்று விஷயம். இசியு மேப்போடு டிசியு (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) மேப்பும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் கியர்பாக்ஸின் டார்க் லிமிட்டர் இன்ஜினைப் பிடித்து இழுக்கும், கொடுத்த காசு வீண். அந்த மேப்பில் டார்க்கை 280 பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், பவரை மேல் ஆர்பிஎம்மில் எடுக்கட்டும். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோலைத் தொடவே வேண்டாம். டிராஃபிக்கில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் கிளட்ச் முழுதாக விலகும், லேசாக வைத்தால் உரசும். முன்னால் இரண்டு வண்டி இடம் விட்டு, ஒரே மூச்சில் நகர்வது நல்லது.

ஆறாம்_கியர்:
மேலே சொன்னது சரி. ஆனால் மேனுவல் என்றால் கவலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கியர் பற்கள் தாங்கும்; முதலில் தோற்பது கிளட்ச். ஸ்டேஜ் 1-க்குப் பிறகு குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க் ஏறிவிடும், அந்த இடத்தில்தான் வழுக்கும். சோதனை எளிது: இன்ஜின் நன்றாகச் சூடானதும், காலியான நாலுவழிச் சாலையில் 5-ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. பழைய வண்டிக்கு மேப் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) டார்க்கிலேயே வழுக்கும் கிளட்சுக்கு ஸ்டேஜ் 1 என்பது நேரடிச் செலவு.

கிளட்ச் மாற்றும்போது தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்குவதுதான் கூலியில் பெரும்பகுதி. பேரிங்கை விட்டுவிட்டால் அதே கூலியை மறுபடி கட்ட வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் புதுத் தட்டும் வழுக்கும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டுச் சக்கரம்) என்றால் கையால் இரு பக்கமும் திருப்பி ஆட்டம் பாருங்கள். அதை லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். மாற்றிய பின் முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை முழு டார்க் கொடுக்காமல் ஓட்டினால்தான் தட்டு நன்றாகப் படியும்.

மேனுவலில் இரண்டு ஆபத்து டிரைவர் கையில். 6-ஆம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது ஒன்று. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் அந்த இடத்தில்தான் பெட்ரோல் தானாக முன்கூட்டிப் பற்றும், பிஸ்டன் போகும். ஆட்டோமேட்டிக் தானே கியரைக் குறைத்துவிடும். மேனுவலில் நீங்கள்தான் குறைக்க வேண்டும். டிராக்கில் 5-இலிருந்து 4 என்று நினைத்து 2-இல் தள்ளிவிடுவது மற்றது. ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. அறுவடை நேரத்தில் பாபநாசம் பக்கம் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். முன் சக்கரம் அதன் மேல் சுழன்று, திடீரெனத் தார் கிடைத்ததும் பிடிக்கும் அந்த அடி முழுவதும் டிரைவ் ஷாஃப்டுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் போகும். எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் அங்கே காலை எடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு என் வாக்கு மேனுவலுக்கே.

எண்ணெய்க்குளியல்:
ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று மொத்தமாக ஒதுக்க வேண்டாம். வேண்டாதது உலர் கிளட்ச் மட்டும்தான். பின்னால் டார்க்கை இன்னும் ஏற்றும் ஆசை இருந்தால், பட்ஜெட்டைக் கூட்டி ஆக்டேவியா விஆர்எஸ் தேடுங்கள். விஆர்எஸ் 230 மாடலில் டிக்யூ250 கியர்பாக்ஸ், 350 நியூட்டன் மீட்டர் தாங்கும். 2020-இல் 200 வண்டி மட்டும் வந்த விஆர்எஸ் 245 மாடலில் டிக்யூ381, 420 தாங்கும். இரண்டும் எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் ஈரக் கிளட்ச். டிராக்கில் கியர் மாறும்போது பூஸ்ட் இறங்காத சுகம் மேனுவலில் வராது. அங்கே ஒவ்வொரு ஷிஃப்டிலும் திராட்டில் மூடி, டர்போ அழுத்தத்தை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

பராமரிப்பில்தான் கறார் வேண்டும். டிக்யூ250-க்கு 60,000 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்; ட்யூன் செய்த வண்டிக்கு 40,000-இலேயே மாற்றச் சொல்வேன். லெவல் பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, கியர்பாக்ஸ் எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கையில். மே மாத வெயிலில் சீக்கிரமே அதைத் தாண்டிவிடும், ஆகவே காலையில் முதல் வண்டியாக விடுங்கள்.

குடந்தை_டர்போ:
நன்றி அண்ணா. விஆர்எஸ் கைக்கு எட்டாது, மேனுவலே. மழைத்தண்ணீரில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்சூரன்ஸில் பிரச்சினை வருமா?

உலர்கிளட்ச்:
ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருக்கும். வடிகால் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ஃப்ளைவீல் முகம் துருப்பிடித்திருந்தால் காலையில் முதல் தடவை நகரும்போது அதிரும், பிறகு அடங்கிவிடும். அதனால் விற்பவர் சூடாக்கி வைத்த வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். குளிர்ந்த வண்டியாகவே கேளுங்கள். நம் பக்கம் மேடு என்றால் பாலத்து ஏற்றமும் ஆற்றுக்கரையும்தான். அங்கே ரிவர்ஸில் மெதுவாக ஏற்றினால் கிளட்சின் நிலை தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ்: கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. க்ளெய்மில் கேள்வி வரலாம், வாரண்டியும் போகும். மேப்பை அழித்து ஸ்டாக் போட்டாலும் சர்வீஸ் கம்ப்யூட்டரில் தடயம் தெரியக்கூடும். ஏற்கெனவே யாராவது மேப் போட்டு எடுத்த வண்டியா என்று ஸ்கேன் போட்டுப் பாருங்கள். ஸ்கேனுக்கு விற்பவர் மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள் தம்பி.