மறுமொழி: எக்சிட் பியூபில் – ‘விடுபாவை’ எனலாமா?

> எக்சிட் பியூபிலுக்கு ‘வெளியேறு கண்மணி’ என்றே வைத்துவிடலாம். நேரடியாக இருக்கிறது.

அன்பு நண்பருக்கு,

அந்த நேரடித்தன்மைதான் எனக்குத் தயக்கம் தருகிறது. கண்மணி என்றதும் படிப்பவர் தம் கண்ணைத்தான் நினைப்பார். நாம் பெயர் தேடுவதோ பைனாகுலர் போன்ற கருவியின் கண்வில்லைக்குப் பின்னால் அந்தரத்தில் நிற்கும் ஒளிவட்டத்துக்கு. பகலில் பைனாகுலரை வானத்தை நோக்கி (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்) கைநீளத்தில் பிடித்துக் கண்வில்லைகளைப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் முகப்பு வில்லையின் சிற்றுருவம். பொட்டு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (பிரிசம்) மட்டமானது, வாங்க வேண்டாம்.

சிற்றுருவம் என்பதால்தான் ‘பாவை’ என்கிறேன். எதிரில் நிற்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் பொம்மைபோலத் தெரியும். ‘கருமணியிற் பாவாய்’ என்று வள்ளுவர் விளிப்பது அதைத்தான். பியூபிலுக்கு மூலமான இலத்தீன் ‘புப்பில்லா’வும் சிறு பொம்மையே. இரண்டு மொழிகளும் ஒரே காட்சியைக் கண்டு பெயர் வைத்திருக்கும்போது நாம் ஏன் அதை விட்டுவிட வேண்டும்?

இந்த விவாதத்தில் முன்மொழியப்பட்ட ‘ஒளிப்பாவை’ அழகான சொல். ஆனால் அதற்கு இணைச்சொல் அமையாது. ஒளி புகும் வாயைப் புகுபாவை என்றும், கருவி ஒளியை விடும் இடத்தை விடுபாவை என்றும் சொன்னால் கணக்கும் சொல்லோடு வந்துவிடுகிறது: புகுபாவையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் விடுபாவை.

தொடக்கக்காரருக்கு இந்தச் சொல் எவ்வளவு தேவை என்பதைச் சென்ற தை மாதம் அண்ணன் மகளுடன் கடைக்குப் போனபோது உணர்ந்தேன். கடைக்காரர் 10×25 கருவியை (உருப்பெருக்கம் 10 மடங்கு, முகப்பு வில்லையின் விட்டம் 25 மி.மீ.) கையில் கொடுத்து, “இதுவும் பத்து மடங்குதான், சட்டைப்பையில் அடங்கும்” என்றார். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ. பக்கத்தில் இருந்த 10×50-க்கு 5 மி.மீ. இருட்டில் அவள் வயதுக் கண்பாவை (கண்ணின் பியூபில்) 7 மி.மீ. வரைகூட விரியும். சிறிய கருவி பெரியதில் கால்பங்கு ஒளியைத்தான் அவளுக்குத் தரும். 10×50-ஐ வாங்கினோம். அன்றிரவு மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அறுமீனை (கார்த்திகை விண்மீன் கூட்டத்தை) பார்த்தவள், இருபது வரை எண்ணிவிட்டு, “சித்தப்பா, ஆறு என்று யார் சொன்னது?” என்று கேட்டாள்.

7×50-இன் விடுபாவை 7.1 மி.மீ. அது அவளுக்கு ஏற்கும். என் வயதில் பலருக்குக் கண்பாவை 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். கண்பாவையைவிட விடுபாவை பெரிதானால் மிஞ்சும் ஒளி கண்ணுக்குள் புகாமல் வீணாகிறது. இந்த வரியில் ‘வெளியேறு கண்மணி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்தால் முழுக்காட்சி தெரியும் என்ற அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கண்விலக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பார்வையை விலக்குவதுபோல ஒலிக்கிறதோ என்று ஐயம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.