டைலிங் விண்டோ மேனேஜருக்கு மாறிய அனுபவம்: உங்களுக்கு எப்படி?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிகளின் கணக்கை எழுதுகிறேன். திரையில் எப்போதும் மூன்று தெரிய வேண்டும்: கால்க் (லிப்ரெஆபிஸ் கணக்குத்தாள்) பட்டியல், எடைச் சீட்டின் போட்டோ, பழைய பாக்கிக் குறிப்பு. ஐப்பசி மழை தொடங்கினால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். டச்பேடில் ஈரம் படிந்து கர்சர் தாவும். ஒரு விண்டோவை இழுத்து ஓரம் வைப்பதற்குள் இன்னொன்று மேலே ஏறி எடையை மறைத்துவிடும். போன வருடம் அப்படித்தான் ஒருவருடைய 43 கிலோவை அடுத்தவர் வரிசையில் ஏற்றிவிட்டேன். மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த வாரமே ஐ3 போட்டேன். விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல் திரையில் தானாகவே அடுக்கி வைக்கும் லினக்ஸ் டைலிங் விண்டோ மேனேஜர் அது.

முதல் நாள் ஏமாற்றம். திறந்ததெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது. என் லேப்டாப் 1366 பிக்சல் அகலம். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 455தான். பெயர் தெரிந்தால் எடை தெரியாது. எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும் என்று ஐ3-க்கு நாம்தான் சொல்ல வேண்டும்: மாட்+வி (மாட் என்பது ஐ3 கட்டளைகளுக்காக நாம் ஒதுக்கும் கீ) அடித்துவிட்டுத் திறந்தால் புதியது கீழே வரும். அதை ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைக்க முடியவில்லை.

அப்புறம் ஆட்டோடைலிங் என்ற சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் கிடைத்தது. கையிலிருக்கும் விண்டோ அகலமாக இருந்தால் பக்கவாட்டில் பிரிக்கும், உயரமாக இருந்தால் மேல் கீழாக. காலையில் கால்க், சீட்டு, பாக்கி என்ற வரிசையில் திறக்கிறேன். இடது பாதி முழுக்கக் கால்க், 683 பிக்சல். வலதுபுறம் மேலே சீட்டு, கீழே பாக்கி. எதுவும் எதையும் மூடுவதில்லை. கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகிறது.

ஒரே ஒரு சிக்கல். மாட் கீயாக சூப்பரை (விண்டோஸ் குறி உள்ள கீ) வைத்திருந்ததால், தமிழுக்கு மாற ஐபஸ் என்ற மொழி மாற்றும் மென்பொருள் கேட்கும் சூப்பர்+ஸ்பேஸை ஐ3 பிடித்துக்கொண்டது. ஐ3-இன் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் அந்த ஒரு வரியை வேறு கீக்கு மாற்றியதும் சரியானது. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து:
நான் டிடபிள்யூஎம் ஆள், அதுவும் ஒரு டைலிங் விண்டோ மேனேஜர்தான். இங்கே பிரிக்கும் திசையைப் பற்றிய யோசனையே கிடையாது. மாஸ்டர் எனும் முதன்மை விண்டோ ஒன்று இடதுபுறம் 55 சதவீதம், மற்றதெல்லாம் வலதுபுறம் அடுக்காக. அடுக்கில் உள்ளதை ஆல்ட்+என்டர் அடித்தால் மாஸ்டராகிவிடும். இன்னொரு முறை அடித்தால் பழையது திரும்பி வரும். எதை மாற்றினாலும் கான்ஃபிக்.எச் கோப்பைத் திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அது கஷ்டம்தான், அதனால் முதலில் ஐ3-யையே சொல்வேன். போட்டோ எடிட்டிங்குக்கு மட்டும் டைலிங் எனக்குச் சரிப்படவில்லை. ஆல்ட்+ஷிஃப்ட்+ஸ்பேஸ் அடித்து அந்த விண்டோவை மிதக்க விட்டுவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து:
வீட்டில் அம்மாவும் இதே கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்துகிறார். அவருக்கு வழக்கமான டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ, எனக்கு ஐ3. லாகின் திரையில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம், சண்டையே இல்லை. கோத்தகிரி நண்பரே, கையெழுத்துப் புரியாத சீட்டு வந்தால் அந்தச் சின்ன இடத்தில் எப்படிப் படிக்கிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:
மாட்+எஃப் அடித்தால் சீட்டு திரை முழுக்க வரும். எண்ணைப் படித்துவிட்டு மறுபடி அடித்தால் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். 1-ஆ 7-ஆ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.