மோட்டார்வேயில் கேரவன் இழுத்தவர்கள் சொல்வது: நெளிவும் காற்றும் டயரும்

பிரிஸ்டலிலிருந்து:

கோடை விடுமுறையில் டெவன் பக்கம் செல்பவர்களுக்கு எம்5 சாலையின் கோர்டானோ சர்வீசஸ் என்ற ஓய்விடம் பழக்கமான இடம். அதைக் கடந்து தெற்கே போனால், சாலை மலைச்சரிவை ஒட்டி ஏறி, எதிர்த்திசைத் தடங்கள் வேறொரு மட்டத்தில் ஓட, பிறகு கிளீவ்டனை நோக்கி இறங்குகிறது. கேரவனை, அதாவது சக்கரத்தில் ஓடும் சிறு வீட்டை, காரின் பின்னால் மாட்டி இழுத்துச் சென்ற எங்கள் வேகம் அந்த இறக்கத்தில் மணிக்கு 60 மைலைத் தொட்டிருந்த நேரத்தில், ஒரு சுற்றுலாப் பேருந்து வலப்புறமாக எங்களைக் கடக்கத் தொடங்கியது. கேரவன் இழுக்கும் காருக்கு இங்கிலாந்தின் மோட்டார்வேயில் 60 மைல்தான் உச்ச வரம்பு. பேருந்துகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ 62 மைல் வரை விடும். ஆகவே அது எங்கள் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றதைப் போலத்தான் இருந்தது.

பேருந்தின் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் கேரவனின் பின்பகுதியை இடப்பக்கம் தள்ளியது. முகப்பு முன்னே சென்றதும் அதே பின்பகுதி பேருந்தை நோக்கி இழுபட்டது. வழக்கமாக அத்துடன் அடங்கிவிட வேண்டும். அன்று அடங்கவில்லை. இடக் கண்ணாடியில் ஒரு முறை, வலக் கண்ணாடியில் ஒரு முறை என்று கேரவனின் பக்கச்சுவர் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் சற்று அதிகமாகத் தெரிந்தது. காரின் பின்சக்கரங்களை யாரோ பக்கவாட்டில் பிடித்து இழுப்பதை இருக்கையிலேயே உணர முடிந்தது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். வேகம் 50 மைலுக்கு இறங்கும் வேளையில் ஆட்டம் தானாகக் குறைந்து நின்றது. இப்படி நெளியும்போது வேகத்தைக் கூட்டினால் கேரவன் நேராகிவிடும் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஆலோசனை ஆபத்தானது. கார், கேரவன் என்ற ஒவ்வொரு சோடிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே எந்த ஊசலும் தேய்ந்து மறையும், அதற்கு மேலே சிறு ஊசலும் வளர்ந்துகொண்டே போகும். நெளிவைத் திருப்பித் திருப்பி ஸ்டியரிங்கால் எதிர்க்கப் பார்ப்பதும் கூடாது, ஏனென்றால் நம் கை கேரவனின் தாளத்துக்கு எப்போதும் சற்றுத் தாமதமாகவே பதில் சொல்லி, ஊசலுக்கு மேலும் ஊக்கம் கொடுத்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு பணிமனையில் பார்த்தபோது ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் கேரவனின் முன்முனையில் இருப்பது உராய்வுப் பட்டைகளால் டோ பாலை, அதாவது கேரவனை மாட்டக் காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டை, இறுகப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர். இந்த வகைக்கு டோ பால் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் பழைய வழக்கப்படி கிரீஸ் தடவிய பாலில் மாட்டி இழுத்திருக்க வேண்டும். பட்டைகள் நான்கும் கரிய பளபளப்பேறி வழுக்கின. புதியவை போட்டிருக்கிறேன். எனக்குள்ள கேள்வி, இது ஒன்றே காரணமாக இருக்க முடியுமா என்பதுதான்.

லெஸ்டரிலிருந்து:

வணக்கம் அண்ணா. பட்டைகள் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஸ்டெபிலைசர் என்பது காய்ச்சல் மாத்திரை மாதிரி, சூட்டைக் குறைக்குமே தவிர நோயைப் போக்காது. முதலில் பார்க்க வேண்டியது சாமான் ஏற்றிய விதம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கரவன் எம்1 வீதியில் லொறி எது கடந்தாலும் ஆடுகிறது என்று சொன்னார்கள். ஒரு நாள் முழுச் சாமான்களுடன் பொது எடைமேடைக்குக் கொண்டுபோனோம். கரவன் 1,400 கிலோ இருந்தது. அவர்களுடைய அனுமதி எல்லைக்குள்தான். அடுத்து நோஸ் வெயிட், அதாவது கரவனின் மூக்கு டோ பாலின் மீது அழுத்தும் எடையை, அதற்கென்று விற்கும் சிறிய அளவுகோலை வைத்துப் பார்த்தோம். கரவனின் உண்மையான எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1,400 கிலோவுக்கு அது 70 முதல் 98 கிலோ. அவர்களுடைய காரின் கைநூல் 75 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. கார், டோபார் (டோ பாலைத் தாங்கும் சட்டம்), கரவனின் கொக்கி ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே எல்லை என்பதால், அவர்களுக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 5 கிலோதான். அளவுகோலோ 40 கிலோவைக்கூடக் காட்டவில்லை.

காரணம் கரவனின் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ. அச்சிலிருந்து மூன்று மீட்டர் பின்னால் தொங்கும் 40 கிலோ, அச்சிலிருந்து நான்கு மீட்டர் முன்னால் இருக்கும் டோ பாலில் 30 கிலோவைக் குறைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குத்தான். சைக்கிள்களைக் காரின் கூரைக்கு மாற்றினோம். பின்கட்டிலில் கிடந்த கூடாரத் துணியை அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்தோம். அதன் பிறகு மூக்கு எடை வேண்டிய இடத்துக்கு வந்தது. ஆட்டமும் போய்விட்டது என்று சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னால் பாரம் கூடிவிட்டது என்று முன்பெட்டியில் இன்னொரு காஸ் சிலிண்டரை வைத்துச் சமப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அளவுகோல் சரியான எண்ணைக் காட்டும். ஆனால் இரண்டு முனைகளிலும் பாரம் இருக்கும் கரவன் ஒருமுறை திரும்பத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். கரவனின் நிலைத்தன்மையைப் பற்றி பாத் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலும் மூக்கு எடையோடு இந்தச் சுழற்சித் தடையும் முக்கியமாக வந்தது. பாரம் அச்சின் அருகே, தரையை ஒட்டி இருக்க வேண்டும். மேல் அலுமாரிகளுக்குத் துணியும் ரொட்டியும் போதும்.

லீட்ஸிலிருந்து:

நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம். எம்62 எங்கள் வழக்கமான பாதை. பெனைன் மலைகளைத் தாண்டும் அந்தச் சாலை 22ஆம் சந்திப்புக்கு அருகே 372 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில் அதுவே உயரமான இடம். அங்கே மரமும் இல்லை, சுவரும் இல்லை. சாமானைச் சரியாக ஏற்றியவர்களையும் பக்கக் காற்று அங்கே சோதிக்கும்.

காற்று சீராக வீசினால் ஸ்டியரிங்கைச் சற்றே சாய்த்துப் பிடித்துப் போய்விடலாம். சிக்கல் வருவது லாரியைக் கடக்கும்போது. லாரியின் மறைவில் நுழைந்ததும் காற்று திடீரென்று நின்று, சாய்த்துப் பிடித்த ஸ்டியரிங் நம்மை லாரிப் பக்கம் கொண்டு செல்லும். லாரியின் முகப்பைத் தாண்டிய கணத்தில் காற்று மொத்தமாக அறையும். அந்த அறை முதலில் காருக்கும் சில விநாடி கழித்துக் கேரவனுக்கும் விழுகிறது.

லாரிகள் 56 மைலில் கட்டுப்படுத்தப்பட்டவை. நாம் 60 மைலில் கடக்கிறோம் என்றால் வித்தியாசம் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. 16.5 மீட்டர் நீளமுள்ள கூட்டு லாரி ஒன்றை, 12 மீட்டர் நீளமுள்ள காரும் கேரவனும் கடக்க, முன்பின் இடைவெளியைச் சேர்க்காமலே 15 விநாடிக்கு மேல் ஆகும். வலக்கோடித் தடத்தில் நமக்கு அனுமதி இல்லை என்பதால், நடுத்தடத்தில் இருந்தபடி நமக்குப் பின்னால் வருபவர்களின் பொறுமையையும் சோதித்துக்கொண்டிருப்போம். காற்றுள்ள நாளில் லாரிக்குப் பின்னாலேயே நல்ல இடைவெளி விட்டு 55 மைலில் போவதால் என்ன இழக்கிறோம்? நூறு மைலுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் நாங்கள் புறப்படுவதே இல்லை. முகாமில் இன்னொரு இரவுக்குப் பணம் கட்டுவதைப் பற்றி என் கணவர் முணுமுணுப்பார். அது வேறு விஷயம்.

பர்மிங்காமிலிருந்து:

டயர்க் கடையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேரவன் டயரைத் தேய்மானத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். அது தேய்வதற்கு முன்பே முதுமை அடைகிறது, ஏனென்றால் ஆண்டில் பெரும்பகுதி ஒரே இடத்தில், ஒரே பக்கம் அழுந்தியபடி, வெயிலில் நிற்கிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாண்டுக்குப் பிறகு மாற்றுங்கள், ஏழாண்டைத் தாண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் துறையில் பொதுவான அறிவுரை.

சென்ற கோடையில் ஒரு தம்பதியர் எம்6 சாலையில் டயர் வெடித்து, மீட்பு வண்டியில் ஏற்றி வந்தார்கள். பள்ளங்கள் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத, பார்வைக்குப் புத்தம் புதிய டயர். வெடிக்காத மறுபக்கத்து டயரைக் கழற்றி, பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்துக் காட்டினேன். வெயிலில் வறண்ட குளத்து மண்ணாக, நுண்ணிய வெடிப்புகள் வட்டமாக ஓடின. வெடித்த டயர் பட்டை பட்டையாகச் சுழன்று, சக்கர வளைவைக் கிழித்து, உள்ளே அலமாரியின் அடிப்பலகை வரை உடைத்திருந்தது. காரில் டயர் போனால் ஓட்டுநர் உடனே உணர்வார். கேரவனில் உணர்வதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே, கேரவனின் தகட்டில் குறித்தபடி வையுங்கள். சக்கர போல்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முப்பது மைல் ஓடிய பிறகு மீண்டும் பாருங்கள்.

டோர்ட்முண்டிலிருந்து:

ஜெர்மனியில் கேரவனுக்கு ஆட்டோபானில் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்; நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னால் 100 என்ற வட்டத்தை ஒட்டிக்கொண்டு 100 வரை போகலாம். அந்த நிபந்தனைகளில் ஒன்று, பர்மிங்காம் நண்பர் சொன்னதுதான்: டயர் ஆறு ஆண்டுக்கு உட்பட்டதாகவும், குறைந்தது 120 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதி பெற்றதாகவும் இருக்க வேண்டும்.

காசெல் நகருக்கருகே ஏ7 சாலையில் நீண்ட இறக்கங்கள் உண்டு. அங்கே எங்களைக் கடந்து போன ஒரு கேரவனின் சக்கரத்திலிருந்து புகை வந்ததைப் பார்த்திருக்கிறோம். கேரவனின் பிரேக் தனியாக இயங்குவதில்லை. கேரவன் காரை முன்னுக்குத் தள்ளும்போது கொக்கித்தண்டு உள்ளே அமுங்கி, அந்த அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் காரின் பிரேக்கை விடாமல் தொட்டுக்கொண்டே போனால் கேரவனின் பிரேக்கும் ஓய்வின்றிச் சூடேறும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, எஞ்சினைப் பிடிக்க விடுவது நல்லது.

குரோய்டனிலிருந்து:

நான் 2009இல் உரிமம் பெற்றவன். எங்கள் முதல் கேரவன் அடுத்த மாதம் வருகிறது. தானாக நெளிவைக் கண்டறிந்து பிரேக் பிடிக்கும் ஏடிசி கருவி அதில் இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன கவலைகளில் பாதியை விட்டுவிடலாமா?

லெஸ்டரிலிருந்து:

உரிமத்தில் தடை இல்லை, தம்பி. 2021 டிசம்பர் 16 முதல், 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்களும் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரை இழுக்கலாம். தேர்வு இல்லை என்பதற்காகப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பெரிய கரவன் சங்கங்களும் வகுப்பு நடத்துகின்றன. புதியவருக்குக் கரவனின் உச்ச எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டுக் கண்ணாடிகள் சட்டப்படி கட்டாயம்.

ஏடிசி நல்ல கருவி. கரவன் பக்கவாட்டில் ஆடுவதை உணர்ந்து அதன் பிரேக்கை மட்டும் பிடித்து வேகத்தைக் குறைக்கும்; அதாவது பிரிஸ்டல் அண்ணா காலை எடுத்துச் செய்த வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். ஆனால் அது பிரேக் பிடிக்க வேண்டிய நிலையே, எல்லை வேகத்தைத் தாண்டிவிட்டோம் என்பதற்கு அடையாளம். அதற்குக் காரிலிருந்து மின்சாரம் போக வேண்டும். மின்கம்பியைச் செருகியதும் முன்தண்டில் உள்ள சின்ன விளக்கு பச்சையாக எரிகிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் கருவி வேலை செய்யவில்லை, பணிமனைக்குப் போகும் வரை அது இல்லாத கரவனாகவே நினைத்து ஓட்டுங்கள். வண்டி வந்த அன்றே, சாமான் ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் மூக்கு எடையை அளந்து எழுதுங்கள். காரின் எல்லை எத்தனை கிலோ என்றும் சொன்னால் சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.